தந்தை பெயர் தாங்கிய பாதை

சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர், நான் வழக்கம்போல் சிலம்பைப் பற்றியோ கம்பனைப் பற்றியோ எழுதுவேன் என்றுதான் எண்ணியிருப்பார். கனடா நாட்டுக் கார்ப் பந்தயத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் சற்றே திகைத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். சொந்தமாகக் கார் கிடையாது. கனடாவை நிலப்படத்தில் பார்த்ததோடு சரி. ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறை, மாண்ட்ரீல் நகரில் பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை இரவு, என் வீட்டில் விளக்கு அணைவதில்லை.

இந்தப் பித்து எனக்குத் தந்தை வழியாக வந்தது. மாயவரத்திலிருந்து டில்லிக்கு வந்து, அமைச்சகம் ஒன்றில் கார் ஓட்டுநராகவே பணி செய்து ஓய்வு பெற்றவர் என் தகப்பனார். ஓர் அம்பாசடர் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே அதன் கிளட்ச் தேய்ந்திருக்கிறதா, பிளக்கில் கரி பிடித்திருக்கிறதா என்று திண்ணையில் அமர்ந்தபடி சொல்லிவிடுவார். எங்கள் ஆர்.கே.புரம் குடியிருப்பில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிய மாலைகளில் நான் அவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவருக்கு இருந்த ஒரே பிடிவாதம், நான் ஸ்பானரைத் தொழிலாகப் பிடிக்கக் கூடாது என்பது.

கனடாவின் பக்கம் என் மனம் சாய்ந்ததற்குக் காரணம் உண்டு. இத்தாலியிலும் இங்கிலாந்திலும் பந்தயம் பழம்பெருமை உடையது. கனடாவிலோ ஆண்டில் பாதி பனி. டொராண்டோவுக்குக் கிழக்கே குன்றும் சரிவுமான நிலத்தில் 1961-இல் திறந்த மோஸ்போர்ட் என்ற பாதையில்தான் 1967-இல் அந்நாட்டின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. மோட்டார், ஸ்போர்ட் என்ற இரு சொற்களையும் ஒட்டவைத்துச் செய்த பெயர் அது. நிலம் போன போக்கிலேயே ஏறி இறங்கும் அந்தப் பாதைதான் எனக்கு அழகாகத் தோன்றுகிறது. ஆனால் அழகு வேறு, பாதுகாப்பு வேறு. 1977-க்குப் பிறகு ஃபார்முலா ஒன் கார்கள் அங்கே பந்தயத்துக்குத் திரும்பவில்லை. மறு ஆண்டே பந்தயம் மாண்ட்ரீலின் நோத்ர் டாம் தீவுக்குப் பெயர்ந்தது. அத்தீவு இயற்கையானதன்று. மெட்ரோ ரயிலுக்காகச் சுரங்கம் வெட்டிய மண்ணும் பாறையும் ஆற்றில் கொட்டப்பட்டு, 1967 உலகப் பொருட்காட்சிக்காக உருவானது. மற்ற நாள்களில் அந்தப் பந்தயப் பாதையில் சைக்கிள் ஓட்டிச் செல்பவர்களைக் காணலாம்.

அத்தீவில் 1978 அக்டோபர் 8 அன்று நடந்த முதல் பந்தயத்தை வென்றவர் கியூபெக் மாநிலத்துக்காரர், ஃபெராரி ஓட்டிய ஜில் வில்நவ். அது ஃபார்முலா ஒன்னில் அவருக்கு முதல் வெற்றி. சொந்த மண்ணில், சொந்த மக்கள் முன்னிலையில் கிடைத்த வெற்றி.

அவர் வந்த வழி விசித்திரமானது. பனிச்சறுக்கு மோட்டார் வண்டிப் பந்தயங்களில் பெயர் பெற்றவர் அவர். முன்னே செல்லும் வண்டி வாரி இறைக்கும் பனித்தூளில் கண்ணே தெரியாது. அதற்குள் வண்டியை அடக்கிப் பழகிய கைகளுக்கு மழைப் பாதை ஒரு பொருட்டாக இல்லை. 1981-இல் அதே தீவில் கொட்டும் மழையில், முன்புற இறக்கை வளைந்து எழுந்து பார்வையை மறைக்க, அது பிய்ந்து போகும் வரை அப்படியே ஓட்டி மூன்றாவதாக வந்தார். இன்னொருவராயின் வண்டியை ஓரங்கட்டியிருப்பார். 1979-இல் ஹாலந்துப் பந்தயத்தில் பின் டயர் சிதைந்தபின் மூன்று சக்கரங்களில் வண்டியை இழுத்து வந்ததும் அவர்தான். என் தகப்பனார் இதைக் கேட்டபோது புகழவில்லை. ‘வண்டியைப் பாவம்னு நினைக்கத் தெரியலை அவனுக்கு’ என்றார். ஓட்டுநர் ஒருவரின் தீர்ப்பு அது. நான் இன்றுவரை அதை முழுதும் ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை.

பந்தயச் செலவுக்காக 1974-இல் தம் குடும்பம் வாழ்ந்த வீட்டையே வில்நவ் விற்றார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். இழுத்துச் செல்லக்கூடிய எளிய வீடுதான். ஆனாலும் வீடு வீடுதானே? இரண்டு சிறு குழந்தைகள் வேறு. இந்தச் செய்தியை நான் வியந்து சொன்னபோது என் மனைவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ‘அந்தப் பொண்ணு என்ன சொன்னாளாம்?’ என்று மட்டும் கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. வருங்கால வைப்பு நிதியில் முன்பணம் கேட்பதற்கே மூன்று நாள் யோசிக்கும் எனக்கு, வீட்டை விற்ற மனிதனைப் புகழ என்ன தகுதி இருக்கிறது என்று அன்று தோன்றிற்று.

1982 ஏப்ரலில் இமோலாவில், தம் அணித் தோழர் டிடியே பிரோனி கடைசிச் சுற்றில் தம்மை முந்தி வென்றதை வில்நவ் துரோகமாகவே கருதினார். மனக்கசப்பு ஆறவில்லை. இரண்டு வாரம் கழித்து, மே 8 அன்று, பெல்ஜியத்தின் சோல்டர் பாதையில் தகுதிச் சுற்றின்போது வேறொரு காரின் பின்சக்கரத்தில் மோதித் தூக்கி எறியப்பட்டு உயிரிழந்தார். வயது 32. மாண்ட்ரீல் பாதைக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். சூட்டியபின் ஜூனில் நடந்த முதல் பந்தயத்தில், புறப்பாட்டிலேயே நின்றுபோன பிரோனியின் கார் மீது மோதி, ரிக்கார்டோ பலெட்டி என்ற 23 வயது இத்தாலிய இளைஞர் இறந்தார். எந்தக் கதாசிரியனும் இப்படி எழுதத் துணியமாட்டான்.

அப்போது வில்நவின் மகன் ஜாக்குக்கு வயது 11.

அந்த ஜாக் வளர்ந்து, 1995-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை வென்று, பிறகு ஃபார்முலா ஒன்னுக்கு வந்தார். 1997-ஆம் ஆண்டு எனக்கு மறக்க முடியாதது. பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குத் தெரியாமல் கரோல்பாக்கில் ஒரு பட்டறைக்காரரிடம் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தேன். தகப்பனாருக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. திட்டியிருந்தால் தேவலை. ஒரு மாதம் அவர் என்னோடு பேசவே இல்லை. எழுத்தர் தேர்வுக்கான விண்ணப்பம் மட்டும் நிரப்பப்படாமல் அலமாரியின் மேல் கிடந்தது.

ஜூன் 15 இரவு. கேபிள் தொலைக்காட்சியில் மாண்ட்ரீல் பந்தயம். பேசாத தந்தையும் மகனும் ஒரே பாயில் அமர்ந்து பார்த்தோம். ஜாக் இரண்டாம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். இரண்டாம் சுற்றுதான். கடைசி வளைவை விட்டு வெளிவரும்போது வண்டி கைமீறிச் சென்று சுவரில் மோதியது. தந்தை பெயர் தாங்கிய பாதையில், ஊரார் அத்தனை பேரும் பார்க்க, தலைகுனிந்து இறங்கி நடந்தார்.

தகப்பனார் மெதுவாகச் சொன்னார்: ‘மத்த ஊர்ல அவன் வண்டி ஓட்டறான்டா. இங்கே வந்தா அப்பாவைத் தேடறான்.’ கொஞ்ச நேரம் கழித்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், ‘நீயாவது என்னைத் தேடாம இரு’ என்றார்.

ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள் அவை. மறுவாரமே விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினேன்.

அதே ஆண்டு அக்டோபரில் ஸ்பெயினில், ஷூமேக்கர் தம் காரால் வேண்டுமென்றே இடித்தும் நிலைகுலையாமல் ஓட்டிய ஜாக், தந்தைக்குக் கிட்டாத உலக சாம்பியன் பட்டத்தை வென்றார். ஆனால் மாண்ட்ரீல் அவருக்கு வசப்படவே இல்லை. 1996-இல் இரண்டாம் இடம், அவ்வளவே. 1999-இல் மறுபடியும் கடைசி வளைவிலேயே சுவர். அன்று அதே சுவரில் ஹில், ஷூமேக்கர், ஜாக் என்று மூன்று உலக சாம்பியன்கள் மோதினார்கள். அதற்கு சாம்பியன்களின் சுவர் என்றே பெயர் வந்துவிட்டது.

தகப்பனார் 2008-இல் காலமானார். 2011 பந்தயத்தைத் தனியே பார்த்தேன். நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் அதில் ஓட்டினார். மழை கொட்டி, பந்தயம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றுபோயிற்று. வெறும் ஈரத் தரையையே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். ஒரு கட்டத்தில் கடைசி இடத்திலிருந்த ஜென்சன் பட்டன், கடைசிச் சுற்றில் வெட்டலை முந்தி வென்றார். மொத்தம் 4 மணி 4 நிமிடம். முடியும்போது இங்கே பின்னிரவு இரண்டரை மணி. ‘கடைசி வரைக்கும் கியரை நம்பணும்’ என்று தகப்பனார் சொல்லியிருப்பாரோ, வேறு ஏதாவது சொல்லியிருப்பாரோ என்று எண்ணியபடி படுத்தேன். அவர் என்னைத் தேடாமல் இரு என்றது ஆசியா, வருத்தமா என்பதை அவரிடம் கேட்காமலே விட்டுவிட்டேன்.

டொராண்டோவில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன் சென்ற ஆண்டு மாண்ட்ரீலுக்குப் போய், பந்தயம் புறப்படும் கோட்டைப் படமெடுத்து அனுப்பினான். தரையில் பிரெஞ்சு மொழியில் ‘சலூ ஜில்’ என்று எழுதியிருக்கிறது. பொருள் என்ன மாமா என்று கேட்டான். வா என்றும் சொல்லலாம், போய் வா என்றும் சொல்லலாம் என்றேன்.

அந்தப் படத்தை அலுவலக மேசைக் கண்ணாடிக்கு அடியில், தகப்பனாரின் ஓட்டுநர் உரிமத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பிரிவு அதிகாரி ஒருநாள் குனிந்து பார்த்து, இது எந்த ஊர்ச் சாலை என்றார். கனடாவில் ஒரு தீவு என்றேன். அங்கே உமக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அக்காள் மகன் இருக்கிறான் என்று சொல்லிவிட்டுக் கோப்பைப் பிரித்தேன்.