பிழை காணும் திறன்

புள்ளிமான் சரணாலயத்தால் பெயர்பெற்ற கங்கைகொண்டானில் இன்று தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் உண்டு. கணினிக்குரிய ஆணைத்தொடராகிய நிரலை எழுதுதல் அத்துறையின் முதன்மையான தொழில். நிரலில் ஒரு குறி பிறழினும் பணி நின்றுவிடும். அன்றித் தவறான விடையே மெய்போல் தோன்றும். ஆதலின், புதிதாய்க் கற்கும் இளைஞர் சோர்வுறுதல் இயல்பே.

இத்துன்பம் இன்று தோன்றியதன்று. 1949ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் எட்சாக் என்னும் கணினியை அமைத்தவர் மாரிஸ் வில்க்ஸ். அவர் எழுதிய 126 வரி நிரலிலேயே ஏறத்தாழ 20 பிழைகள் இருந்தன. தம் வாழ்நாளின் பெரும்பகுதி தம் பிழைகளைத் தேடுவதிலேயே கழியும் என அவர் உணர்ந்தார், ஆயினும் தளர்ந்தாரல்லர். 1967ஆம் ஆண்டிற்குரிய டூரிங் விருது அவரைச் சேர்ந்தது.

மாணவர்களே, பிழை நேர்தல் இழுக்கன்று. அதனை மறைத்தலே இழுக்கு. தம் பிழையைத் தாமே கண்டு, காரணம் அறிந்து களைவாரிடமே தேர்ச்சி நிலைபெறும்.