வாசலில் நின்ற மோட்டார்

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் பேருந்து ஏறி உட்காருவதற்குள் மலேசியாவின் ஜொகூர் பாரு வந்துவிடுகிறது. நடுவில் ஒரு கிலோமீட்டர் கடற்பாலம், அவ்வளவுதான். 1924-ல் திறந்தது. 1942 ஜனவரி 31 அன்று பின்வாங்கிய பிரிட்டிஷ் படை இதை வெடிவைத்துப் பிளந்தது. சில நாட்களிலேயே ஜப்பானியர் அதைச் சரிசெய்துவிட்டார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது பாலம் உடையவில்லை. சரக்கு லாரிகள் ஓடின. மனிதர்கள்தான் இரண்டு கரையிலும் நின்றுபோனார்கள்.

ஜொகூர் பாருவின் ஜாலான் உங்கு புவானில், ராஜமாரியம்மன் கோயில் பக்கம் ஒரு பூக்கடை. மாலை கட்டிக்கொண்டிருந்த அக்காவிடம், "பாலம் அடைச்சப்போ எப்படிக்கா சமாளிச்சீங்க?" என்று கேட்டேன். நாரைக் கீழே வைத்துவிட்டார்.

கணவருக்குச் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. நாளும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் கடந்த எல்லை அது. மார்ச் 16 இரவு மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்தது. 18-ம் தேதி முதல் அமல். வேலை நிலைக்கவேண்டுமென்றால் அதற்குள் அக்கரை சேரவேண்டும். அங்கே தங்க இடமின்றி கிராஞ்சி ரயில் நிலையத்தருகே படுத்துக் கிடந்தவர்கள் உண்டு. இவர் நண்பரின் காரில் ஒரு பையோடு போனார். "ரெண்டு வாரம்னுதான் சொன்னாங்க தம்பி. மோட்டாரை வாசல்லயே விட்டுட்டுப் போனாரு."

அக்காவுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆனாலும் ஞாயிறுதோறும் அதைத் துடைத்து, ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஓடவிட்டிருக்கிறார். "சும்மா போட்டு வச்சா பேட்டரி செத்துடும். வந்ததும் வேலைக்குப் போவணும்ல?" சத்தம் கேட்டதும் சின்ன மகள் அப்பா என்று வாசலுக்கு ஓடிவருவாளாம். சில மாதங்களில் அவள் ஓடிவருவதை நிறுத்திவிட்டாள். அக்கா நிறுத்தவில்லை. பூ விற்ற காசில் ரோட் டேக்ஸும் புதுப்பித்திருக்கிறார், ஒரு அடிகூட நகராத வண்டிக்கு.

அந்த ஆகஸ்டில் ஒரு வழி பிறந்தது: 90 நாள் அங்கேயே வேலை செய்தால் ஊருக்கு வந்து போகலாம். ஆனால் வரும்போதும் போகும்போதும் தனிமைப்படுத்தல். அத்தனை நாள் விடுப்புக் கேட்டால் வேலையே போய்விடுமோ என்று அவர் வரவில்லை. 2021 நவம்பர் 29-ல் தடுப்பூசி போட்டவர்களுக்குப் பேருந்து விட்டார்கள், டிக்கெட் கிடைக்கவில்லை.

நம்பிக்கை என்று நாம் சொல்வதில் பாதி வாய்ப்பேச்சு. இந்த அக்கா ஒரு மணி நேரப் பேச்சில் அந்தச் சொல்லை எடுக்கவேயில்லை. பேட்டரி, பெட்ரோல், ரோட் டேக்ஸ் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அதற்குமேல் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

2022 ஏப்ரல் 1 நள்ளிரவில் எல்லை திறந்தது. விடிவதற்குள் கணவர் வாசலில் நின்றார். மகள் முதலில் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாளாம்.

அடுத்த வாரமே அதே மோட்டாரில் வேலைக்குப் போனார். இப்போதும் காலை நாலரைக்குக் கிளம்புகிறார். ராத்திரிச் சாப்பாடு வீட்டில்.