எந்தக் கரைக்கு வரும் எரிவாயு?

2011 ஒக்டோபரில், மன்னார்ப் படுகையில் எரிவாயு கண்டதாகக் கெய்ர்ன் நிறுவனம் அறிவித்தது. 'டொராடோ' எனப் பெயரிடப்பட்ட அக்கிணறு 1,300 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழ்கடலில் தோண்டப்பட்டது. நவம்பரில் 'பராகுடா' என இன்னொன்று. ஏற்றுமதி, டொலர் என்றெல்லாம் கனவுகள் விரிந்தன. 2015இல் கெய்ர்ன் வெளியேறிற்று. வாயு கடலடியிலேயே கிடக்கிறது.

அது ஒருநாள் கரைசேருமாயின் வரவேற்கவே செய்வேன். ஆனால், எந்தக் கரைக்கு? அண்மையிலிருப்பது புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக் குடாநாடு. அக்கரைக்கோ நுரைச்சோலை என்றோர் அனுபவம் ஏற்கனவே உண்டு. 900 மெகாவாற் அனல்மின் நிலையம். முதற்பிரிவு 2011இலும் ஏனையவை 2014இலும் இயங்கத் தொடங்கின. மின்சாரம் நாடு முழுவதற்கும் போயிற்று. கரித்தூசும் சாம்பலும் காற்றோடு வந்து தங்கள் தோட்டங்களில் படிவதாக அயலிலுள்ள விவசாயிகள் முறையிட்டு வந்தனர்.

வாயுவுக்குச் சாம்பல் இல்லை, உண்மைதான். ஆயினும் குழாயும் இறங்குதுறையும் பாதுகாப்பு வலயமும் வேண்டுமே! கரைவலைக்காரருக்குக் கரையே தொழில். தமக்குரிய 'பாடு' பறிபோனால் வலையை வேறெங்கே வளைப்பார்? 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பெருமளவில் வந்து தங்கிய மாவட்டமும் இதுவே. இடப்பெயர்வு என்றால் என்னவென்று அவர்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. கடலிலோ, 1992இல் சரணாலயமாக்கப்பட்ட பவளப்பாறைகள்.

கட்டுமானம் முடிந்தபின் இத்தகைய ஆலைகளுக்கு அதிகம் ஆட்கள் தேவைப்படுவதில்லை. வருமானம் திறைசேரிக்குப் போகும். கற்பிட்டிப் பிரதேச சபைக்கு எத்தனை வீதம் என்பதை ஒப்பந்தம் எழுதுமுன்னரே கேட்டுவிடவேண்டும். நுரைச்சோலை பேசப்பட்ட நாட்களில் மெகாவாற் கணக்கைத்தான் நானும் எழுதிக்கொண்டிருந்தேன், இக்கேள்வியைக் கேட்கவில்லை.