விற்பனைக்கு நிற்கும் வீடு

திரைப்பட நடிகர்கள் ஒப்பனைக்கும் ஓய்வுக்கும் பயன்படுத்தும் பேருந்து போன்ற வண்டியையே நம் நாட்டில் கேரவன் என்கிறோம். இங்கிலாந்தில் அச்சொல் பெரும்பாலும் வேறொன்றைக் குறிக்கும். எஞ்சின் ஏதுமின்றி, காரின் பின்னால் கொளுவி இழுத்துச் செல்லப்படும் சக்கர வீடு அது. உள்ளே நான்கைந்து பேர் படுக்க இடம், சிறு அடுப்பு, கழிவறை எல்லாம் உண்டு. நடுத்தரக் குடும்பங்கள் விடுமுறையில் இதனை இழுத்துக்கொண்டு கடற்கரைக்குச் செல்வார்கள்.

2022-ஆம் ஆண்டு அந்நாட்டின் கிழக்குப் பகுதியிலுள்ள ஒரு பங்கில் சில மாதங்கள் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. குமரி மாவட்டத்துச் செவிலியர் ஒருவர் அங்கு கணவரோடும் ஒன்பது வயது மகனோடும் வாழ்ந்து வந்தார். மகன் ஆட்டிசம் உடையவன். பழகாத படுக்கையில் இரவு முழுவதும் அலறுவான். ஆகவே ஐந்து ஆண்டுகளாக அவர்கள் எங்கும் சென்று தங்கியதில்லை. "எங்கே போனாலும் அதே மெத்தை, அதே ஜன்னல் என்றிருந்தால் உறங்குவான் சாமி" என்றார் தாய். இரவுப் பணிகளில் சேர்த்த எட்டாயிரம் பவுண்டு கையில் இருந்தது. 1997-க்குப் பின் உரிமம் பெற்றவர்கள் கனமான கேரவனை இழுக்கத் தனித் தேர்வில் தேற வேண்டும் என்ற விதியும் 2021 டிசம்பரில் நீங்கியிருந்தது.

என்னையும் உடன் அழைத்தார்கள். வண்டிகளைப் பற்றி நான் ஏதும் அறியேன். பேரம் பேசுகையில் வெள்ளைக் கழுத்துப்பட்டி ஒன்று பக்கத்தில் நிற்பது நல்லது என்று கருதினார்கள் போலும்!

முதலில் சென்ற இடத்தில் புதிய வண்டிகள் சாலையோரம் கொடிகளின் கீழ் மின்னின. பழையவை பின்புறச் சேற்றில் நின்றன. நாங்கள் பார்க்க வந்த வண்டியின் கூரையோரமெங்கும் பச்சைப் பாசி. ஜன்னல்களின் கீழே கருங்கோடுகள். கதவைத் திறந்ததும், மழைநீர் இறங்கிய குதிரைத் திறந்தாற்போல் ஒரு வாடை. ஜன்னல் விளிம்பில் செத்த ஈக்கள், மெத்தையில் தேநீர்க் கறை. முன்பு வைத்திருந்தவர்களின் சீட்டுக்கட்டு கூட இழுப்பறையில் கிடந்தது. பேட்டரி கழற்றப்பட்டிருந்ததால் விளக்கு எரியுமா, தண்ணீர்ப் பம்பு ஓடுமா என்று அறிய வழியில்லை. விலை 7,995 பவுண்டு. "வாங்குவது உறுதியானால் சுத்தம் செய்து தருவோம்" என்றார் விற்பனையாளர்.

என் தந்தையார் சந்தைக்குப் போகும் முன்தினமே மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவுவார். குறையை மறைக்கவன்று, வாங்க வருபவனும் ஒரு மனிதன் என்பதற்காக. இங்கோ, பெருந்தொற்றினால் வெளிநாட்டுப் பயணம் தடைப்பட்ட 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கேரவன்களுக்குப் பெருங்கிராக்கி ஏற்பட்டது. துடைக்காமலே விற்றுப்போகும் பொருளைத் துடைப்பானேன் என்ற எண்ணம் வந்துவிட்டது போலும்.

அழுக்கோடு போயிற்றென்றால் ஒரு வாளி நீர் போதும். ஆனால் பழைய கேரவன்கள் பலவற்றின் சுவர், வெளியே அலுமினியத் தகடும் உள்ளே மரச்சட்டமுமாக அமைந்தது. தகடுகளின் இணைப்பில் பூசிய பசை காய்ந்து வெடித்தால் மழைநீர் கசிந்து, வெளியே தெரியாமலே சட்டம் உளுத்துவிடும். இதற்கென்று ஈரமானி உண்டு. 15 விழுக்காடு வரை கவலையில்லை. 20-ஐத் தாண்டினால் எச்சரிக்கை. கணவர் இரவல் வாங்கி வந்திருந்த கருவி முன்மூலையில் 28 காட்டிற்று. "கடற்காற்று அப்படித்தான்" என்றார் விற்பனையாளர்.

இரண்டாம் கடையில் வண்டி மணம் வீசியது. கம்பளம் கழுவப்பட்டு, மேசைமேல் பூச்சாடியும் இருந்தது. மெத்தையை நகர்த்திக் கருவியை வைத்தால் 34! டயரின் வரிகள் தேயவில்லை. ஆனால் பக்கவாட்டில் பொறித்த கடைசி நான்கு இலக்கங்கள் 1413, அதாவது 2013-ஆம் ஆண்டின் பதினான்காம் வாரம். ஒன்பது ஆண்டுப் பழைய டயர் நெடுஞ்சாலையில் வெடித்தால் என்னாவது? முதல் கடைக்காரர்மீது எனக்கிருந்த கோபம் சற்றே தணிந்தது. அவர் எதையும் பூசி மறைக்கவில்லை அல்லவா!

வணிகர் விற்கும் பொருள் போதிய தரத்தோடிருக்க வேண்டுமென்றும், குறையிருந்தால் முப்பது நாட்களுக்குள் திருப்பித் தரலாமென்றும் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் கூறுகிறது. இதை நான் எடுத்துச் சொன்னேன். அந்தத் தாய் சொன்ன மறுமொழியை நான் எதிர்பார்க்கவில்லை. "முப்பது நாளில் அவன் அந்தப் படுக்கைக்குப் பழகிவிடுவான் சாமி. பிறகு அவனிடமிருந்து எப்படிப் பறிப்பது?"

மூன்றாவது இடம் ஒரு சிறு கொட்டகை. 2008-இல் செய்த வண்டி. அழகென்று சொல்ல முடியாது. ஆயினும் மின்கம்பியும் தண்ணீரும் இணைத்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மூலையின் ஈர அளவும் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தது. அலமாரிக் கதவொன்று சரியாக மூடாது என்பதும் அதிலேயே இருந்தது. கணவர் தம் கருவியால் சரிபார்த்தார். எங்கும் 15-ஐத் தாண்டவில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் பையன் ஒரு மூலையில் அமர்ந்து காலணிகளைக் கழற்றினான். வீட்டைத் தவிர வேறெங்கும் அவன் அவற்றைக் கழற்றியதில்லையாம். 7,200 பவுண்டுக்கு முடிந்தது.

ஜூலையில் முதல் கடை வழியே சென்றபோது எட்டிப் பார்த்தேன். பாசியோடு அவ்வண்டி அங்கேயே நின்றது. விலைச் சீட்டு மட்டும் மாறியிருந்தது.