அம்மாவின் உள்ளங்கால்

நாற்பத்தெட்டு வயதில் கண்ணோரம் கோடு விழுந்ததை நான் பெரிய இழப்பாக நினைத்தேன். ‘வளர்ச்சிக் காரணிப் புரதம் கலந்தது, வயசே தெரியாது’ என்று சொல்லி விற்ற ஒரு முகச் சீரத்தை 2,400 ரூபாய்க்கு வாங்கினேன். சென்னை எம்.கே.பி. நகர் வீட்டில் தினமும் ராத்திரி கண்ணாடி முன்னால் பத்து நிமிடம் நிற்பேன்.

அதே வீட்டில் இருபது வருடமாகச் சர்க்கரையோடு இருந்த அம்மா, செருப்பு கடித்த இடத்தில் மஞ்சள் அப்பிக்கொண்டிருந்தாள். “எனக்கு வலியே இல்லடி, நீ போய்ப் படு” என்றாள். வலிக்காததுதான் ஆபத்து, நரம்பு மரத்துவிட்டது என்று எனக்குப் புரியவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் காலைத் தூக்கிப் பார்த்தேன். கட்டைவிரலை எடுக்க வேண்டியதாயிற்று.

மிச்சப் புண் ஆற மருத்துவர் ஒரு ஜெல் எழுதிக் கொடுத்தார். அட்டையைப் படித்ததும் கை நடுங்கியது. என் சீரத்தில் இருந்த அதே பெயர்: எபிடெர்மல் குரோத் ஃபேக்டர்.

அதற்கப்புறம்தான் தேடிப் படித்தேன். எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் ஸ்டான்லி கோஹன் கண்டெடுத்த புரதம் இது. அவர் 1986-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சர்க்கரைப் புண்ணில் இந்த ஜெல்லைச் சோதித்து 2006-இல் ஆய்வு வெளியிட்டவர்களில் நம் ராயபுரம் மருத்துவர் விஜய் விசுவநாதனும் ஒருவர். மருந்தில்லாத ஜெல் போட்டவர்களைவிட, இதைப் போட்டவர்களுக்குப் புண் சீக்கிரம் ஆறியது.

முகத்தின் கதை வேறு. எடை 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறு நல்ல தோலுக்குள் நுழைவது அரிது. இந்தப் புரதமோ ஏறக்குறைய 6,000. திறந்த புண்ணில் தடுக்கத் தோல் இல்லை, அதனால் வேலை செய்கிறது. சுருக்கத்துக்கு நடந்த சோதனைகளோ பெரும்பாலும் சிறியவை. பலவற்றில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுகூட இல்லை.

வளர்ச்சி கூடினால் இளமை கூடும் என்ற கணக்கும் அப்படியே பொருந்தவில்லை. 1993-இல் சிந்தியா கென்யான் குழு, ஒரே மரபணு மாறிய நுண்புழுக்கள் இரு மடங்கு நாள் வாழ்வதைக் கண்டது. பிறகு தெரிந்தது, அந்த மரபணு உருவாக்குவது, இன்சுலினையும் அதன் உறவான வளர்ச்சிக் காரணியையும் போன்ற சமிக்ஞையை ஏற்கும் கதவு. சமிக்ஞை குறைந்ததால்தான் புழு நீண்ட நாள் வாழ்ந்தது. மனிதருக்கு முதுமையைத் தடுக்கும் வளர்ச்சிக் காரணி என்று நிரூபிக்கப்பட்ட மருந்து எதுவும் இன்றுவரை இல்லை.

அம்மா இப்போது சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள். உங்கள் வீட்டில் சர்க்கரை உள்ளவர் இருந்தால், இன்று ராத்திரி விளக்கைப் போட்டு அவர் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். விரலிடுக்கையும் விடாதீர்கள்.