விடுவிப்பதா, வைத்துக்கொள்வதா?

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 15:36–41, லூக்கா 13:6–9, 2 தீமோத்தேயு 4:11



 வருடத்தின் கடைசி நாள்களில் நிற்கிறோம். கடைக்காரர் கணக்கேட்டை முடிக்கிறார். சம்மாட்டி டீசல் கடனையும் பங்குப் பணத்தையும் கூட்டிக் கழித்துப் பார்க்கிறார். எதை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோவது, எதை இத்தோடு விட்டுவிடுவது என்ற கேள்வி எல்லா வீடுகளிலும் எழுகிறது. பொருளைக் குறித்த கேள்வியானால் எளிதில் முடிவெடுத்துவிடலாம். ஒரு மனிதரைக் குறித்த கேள்வியானால் இரவில் தூக்கம் வருவதில்லை.

நம் வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகள் இரண்டு வாரங்களாக ஒரு கிரிக்கெட் வீரரின் பெயரையே பேசிக்கொண்டிருக்கிறார்கள். மதீஷ பத்திரன என்ற அந்த வேகப்பந்து வீச்சாளர் இலங்கையின் கண்டியைச் சேர்ந்தவர். தனுஷ்கோடி அரிச்சல்முனையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் கடலைக் கடந்தால் அவருடைய நாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நம் விசைப்படகுகள் வேலையின்றி நிற்கும்போதுதான் ஐ.பி.எல். ஆட்டங்களும் பெரும்பாலும் நடக்கின்றன. ஆகவே நம் கடற்கரையில் அவரை அறியாத பிள்ளை இல்லை.

2022-இல் காயமுற்ற வேறொரு வீரருக்குப் பதிலாக, 20 லட்சம் ரூபாய்க்குச் சென்னை அணியில் சேர்க்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 19. தம் முதல் ஐ.பி.எல். ஆட்டத்தின் முதல் பந்திலேயே விக்கெட் எடுத்தார். 2023-இல் சென்னை அணி ஐந்தாம் முறை கோப்பையை வென்றபோது 12 ஆட்டங்களில் 19 விக்கெட்டுகள் அவருடையவை. 2024-இல் காயத்தால் 6 ஆட்டங்களே ஆடினார். அவற்றிலும் 13 விக்கெட்டுகள். அந்த ஆண்டு அக்டோபரில் 13 கோடி ரூபாய் கொடுத்து அணி அவரைத் தக்கவைத்துக்கொண்டது.

பிறகு வந்தது 2025. அதே 13 விக்கெட்டுகளை எடுக்க 12 ஆட்டங்கள் வேண்டியிருந்தன. ஓவருக்குப் பத்து ரன்களுக்கு மேல் கொடுத்தார். வைடு பந்துகள் பெருகின. சென்னை அணியும் தன் வரலாற்றில் முதல் முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தில் முடித்தது. நவம்பர் 15 அன்று அணி அவரை விடுவித்தது. பல ஆண்டுகள் அந்த அணிக்கு உழைத்த ரவீந்திர ஜடேஜாவும், அவரோடு சாம் கரனும் ராஜஸ்தானுக்கு மாற்றப்பட்டு, அங்கிருந்து சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்த செய்தியும் அன்றுதான் வெளியாயிற்று. ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 16 அன்று அபுதாபி ஏலத்தில், கொல்கத்தா அணி 18 கோடி ரூபாய் கொடுத்துப் பத்திரனவை எடுத்துக்கொண்டது. ஓர் அணி 13 கோடிக்கு வைத்துக்கொள்ளத் தயங்கிய வீரரை இன்னோர் அணி அதைவிட 5 கோடி கூடுதலாகக் கொடுத்து அழைத்துக்கொண்டது.

சென்னை செய்தது சரியா, தவறா என்று பிள்ளைகள் என்னிடம் கேட்டார்கள். நான் அணி நிர்வாகி அல்லன். ஆயினும் அவர்களோடு இன்னொரு பெயரையும் நினைவுகூர்ந்தேன். 2023 மார்ச் 31 அன்று, அந்தத் தொடரின் முதல் ஆட்டத்தில், இதே சென்னை அணியின் துஷார் தேஷ்பாண்டே 3.2 ஓவர்களில் 51 ரன்கள் கொடுத்தார். அடுத்த ஆட்டத்தில் அவரை உட்காரவைத்திருந்தால் யாரும் குறைசொல்லியிருக்கமாட்டார்கள். அணி அவர் கையில் மீண்டும் பந்தைக் கொடுத்தது. தொடர் முடிகையில் அவர் 21 விக்கெட்டுகள் எடுத்திருந்தார். கோப்பையும் சென்னைக்கு வந்தது. வைத்துக்கொள்வதும் சரியாக முடிவதுண்டு, விடுவிப்பதும் சரியாக முடிவதுண்டு. கணக்கேடு நேற்றைய தினத்தை எழுதிவைக்கிறது. வரப்போகும் வருடத்துக்கான பக்கம் அதில் வெறுமையாகவே இருக்கிறது.

பிரியமானவர்களே, வேதத்திலும் இதே கேள்வி ஒருமுறை எழுந்தது. அதைக் கேட்டவர்கள் இரண்டு பரிசுத்தவான்கள், அவர்கள் ஒருமனப்படவில்லை.

மாற்கு என்னும் பேர்கொண்ட யோவான், பவுலோடும் பர்னபாவோடும் முதல் ஊழியப் பயணம் புறப்பட்டவன். சீப்புரு தீவைக் கடந்து பம்பிலியா நாட்டுப் பெர்கே பட்டணத்துக்கு வந்தபோது, அவன் அவர்களை விட்டு எருசலேமுக்குத் திரும்பிப்போனான் (அப்போஸ்தலர் 13:13). ஏன் திரும்பினான் என்று லூக்கா எழுதவில்லை. பயமா, நோயா, வீட்டு நினைவா, நமக்குத் தெரியாது. இரண்டாம் பயணத்துக்கு ஆயத்தமானபோது, அவனையும் அழைத்துக்கொண்டு போகலாம் என்றார் பர்னபா. பாதியில் விட்டுப்போனவனை மறுபடியும் சேர்க்கலாகாது என்றார் பவுல். வாக்குவாதம் கடுமையாயிற்று, இருவரும் பிரிந்தார்கள். பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு கப்பலேறிச் சீப்புருவுக்குப் போனார். பவுல் சீலாவைத் தெரிந்துகொண்டு சீரியா, சிலிசியா வழியே போனார்.

பவுலைக் கடின இருதயமுள்ளவர் என்று நாம் எளிதாகத் தீர்த்துவிடுகிறோம். அவருடைய பக்கத்திலும் நின்று பாருங்கள். முதல் பயணத்தில் லீஸ்திராவில் அவரைக் கல்லெறிந்து, மரித்துப்போனார் என்று எண்ணி ஊருக்கு வெளியே இழுத்துப்போட்டார்கள் (14:19). அப்படிப்பட்ட வழியில், நடுவில் திரும்பிப்போகிற ஒருவனை நம்பிப் புறப்பட்டால், மற்றவர்களின் உயிரும் ஊழியமும் அல்லவா ஆபத்துக்குள்ளாகும்? அவர் வேலையை நினைத்தார். பர்னபா ஆளை நினைத்தார். வேதம் இருவரில் ஒருவரையும் கடிந்துகொள்ளவில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சீஷரைத் துன்பப்படுத்தினவராகிய சவுல் மனந்திரும்பி எருசலேமுக்கு வந்தபோது, எல்லாரும் அவருக்குப் பயந்தார்கள், ஒருவரும் நம்பவில்லை. அவரைச் சேர்த்துக்கொண்டு அப்போஸ்தலரிடம் அழைத்துச்சென்று, அவருக்காகப் பேசியவர் இதே பர்னபா (9:26, 27). பவுல் ஊழியக்காரராக நின்றதற்கு முன்னால், யாரோ ஒருவர் அவரை வைத்துக்கொள்ளத் துணிந்திருந்தார்.

ஆண்டுகள் சென்றன. ரோமாபுரியில் பவுல் கட்டுண்டிருக்கிறார். தேமா அவரை விட்டுப் போய்விட்டான். லூக்கா மாத்திரம் உடனிருக்கிறார். அந்நிலையில் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பயன்படுவான் என்ற கருத்தில் எழுதுகிறார். கைவிடப்படுதலின் வேதனையை அறிந்த அந்த முதியவர், முன்பு தம்மைக் கைவிட்டுப்போனவனையே தேடுகிறார். இரண்டாம் சுவிசேஷத்தை எழுதியவர் இந்த மாற்குவே என்று சபையின் மரபு சொல்கிறது. பர்னபா அவனைச் சீப்புருவுக்கு அழைத்துப்போகாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

நம் மண்ணிலிருந்தே ஒரு சாட்சியம் உண்டு. இராமேஸ்வரத்தில் பிறந்து, இராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படித்த அப்துல் கலாம் அவர்கள், எஸ்.எல்.வி.-3 ராக்கெட் திட்டத்தின் இயக்குநராக இருந்தார். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஏவப்பட்ட அந்த ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. கணினி காட்டிய எச்சரிக்கையை மீறி ஏவும் முடிவைத் தாமே எடுத்ததாகக் கலாம் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். இஸ்ரோவின் தலைவராயிருந்த சதீஷ் தவான் அன்று பத்திரிகையாளர் முன் தாமே நின்று, தோல்வியின் பொறுப்பைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார். கலாமை அப்பொறுப்பிலிருந்து நீக்கவில்லை. 1980 ஜூலை 18 அன்று அதே ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. அன்று பத்திரிகையாளரைச் சந்திக்கும்படி கலாமையே அனுப்பினார் தவான். ஒருவரை வைத்துக்கொள்வதற்கு விலை உண்டு என்பதை இதில் கற்கிறோம். அந்த விலையை வைத்துக்கொள்பவரே செலுத்தவேண்டும்.

இதை எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் கடற்கரையைச் சேர்ந்த ஒரு சம்மாட்டி சில வாரங்களுக்கு முன் ஜெபத்துக்காக என்னிடம் வந்தார். அவருடைய சம்மதத்தோடு, பெயரும் ஊரும் சொல்லாமல் எழுதுகிறேன். அவருடைய விசைப்படகைப் பதினொரு வருடங்களாக ஓட்டிவருபவர் கைதேர்ந்த ஓட்டுநர். சென்ற ஆண்டு நடுக்கடலில் இயந்திரம் நின்று, புயற்காற்றில் இரண்டு இரவுகள் படகு அலைக்கழிந்தது. எல்லாரும் உயிரோடு திரும்பினார்கள். ஆனால் அதன் பிறகு காற்று சற்று எழுந்தாலே அவர் படகைக் கரைக்குத் திருப்பிவிடுகிறார். வலை பாதி நிறைந்த நிலையில் வந்து சேருகிறது. டீசல் செலவுகூடத் தேறாத நாள்கள் பல. பங்குக்கு வேலை செய்யும் நான்கு குடும்பங்கள் முணுமுணுக்கின்றன. இருவர் வேறு படகுக்குப் போய்விட்டார்கள். வேறொரு ஓட்டுநர் வரத் தயாராயிருக்கிறார்.

"ஐயா, அவரை நிறுத்தினால் பாவமா? நிறுத்தாவிட்டால் இந்த நான்கு வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் செய்வது நியாயமா?" என்று அந்தச் சகோதரர் கேட்டார். இது பவுலும் பர்னபாவும் கேட்ட கேள்வியேதான். இரண்டு பக்கத்திலும் மனிதர் இருக்கும்போது, இரக்கம் என்ற ஒரு சொல்லைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள இயலாது.

நாங்கள் இருவரும் லூக்கா 13-ஆம் அதிகாரத்தின் அத்திமர உவமையை வாசித்தோம். தோட்டக்காரன் மரத்துக்காக ஒரு வருடம் கேட்கிறான். அவன் வெறும் தவணை மட்டும் கேட்கவில்லை. சுற்றிலும் கொத்துவேன், எருப்போடுவேன் என்கிறான். கையில் மண்வெட்டி எடுக்க ஆயத்தமாயிருக்கிறவனுக்கே அந்த ஒரு வருடத்தைக் கேட்கும் உரிமை உண்டு. கனி கொடாவிட்டால் வெட்டிப்போடலாம் என்று எல்லையையும் அவனே ஒப்புக்கொள்கிறான். எருவும் போடாமல், எல்லையும் குறிக்காமல் ஒருவரை ஆண்டுக்கணக்காக வைத்திருப்பதைப் பொறுமை என்று அழைக்கலாகாது. மனம் திறந்து பேசத் துணிவில்லாததால் நாம் அப்படிச் செய்கிறோம்.

ஆகவே அந்தச் சகோதரரிடம் மூன்று காரியங்களைக் கேட்டேன். அவருக்கு உண்மையில் என்ன ஆயிற்று என்று அவரிடமே உட்கார்ந்து கேட்டீர்களா? அவர் மறுபடி நிற்பதற்கு உங்கள் பங்காக என்ன செய்தீர்கள்? எந்த நாள் வரைக்கும் என்று அவருக்கும் மற்றவர்களுக்கும் சொன்னீர்களா? அவர் அமைதியாய் எழுந்து போனார். பத்து நாள் கழித்து வந்து சொன்னார்: இயந்திரத்தை முழுதும் பிரித்துச் செப்பனிட்டாயிற்று, ஓட்டுநரோடு அனுபவமுள்ள இன்னொருவரையும் ஏற்றியிருக்கிறார், முதல் சில பயணங்களில் தாமும் படகில் போகிறார், அடுத்த தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் 15 வரை தவணை, அதுவரை பங்கு குறைந்தால் தம் பங்கிலிருந்து ஈடுசெய்வதாக நான்கு குடும்பங்களுக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறார், அதன் பிறகும் இயலாவிட்டால், ஓட்டுநருக்குக் கரையில் வலை வேலை தருவதாகவும் பேசியிருக்கிறார். முடிவு என்னவாகும் என்று எனக்குத் தெரியாது. அத்திமரம் அடுத்த வருடம் காய்த்ததா என்று ஆண்டவரும் சொல்லவில்லை. அந்த உவமையை முடிக்காமலேயே விட்டிருக்கிறார்.

இதை வாசிக்கிற உங்களில் சிலர் விடுவிக்கப்பட்டவர்களாக இருக்கலாம். வேலையிலிருந்து, ஒரு படகிலிருந்து, ஒருவேளை ஓர் உறவிலிருந்து நீங்கள் அனுப்பப்பட்டிருக்கலாம். ஒருவருடைய கணக்கேட்டில் உங்கள் பெயர் அடிக்கப்பட்டது உண்மை. ஆனால் அந்தக் கணக்கேடு ஜீவபுஸ்தகம் அல்ல. பவுல் மாற்குவை மறுத்த நாளில், பர்னபாவின் கப்பலும் அதே கரையில்தான் நின்றது.

முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஓர் அணி தன் வீரரை விடுவிக்கலாம். அது அவர்களுடைய தொழிலின் முறை. வீடும் சபையும் ஏலக்கூடம் அல்ல. தடுமாறுகிற மகனை, குடியிலிருந்து மீளப் போராடுகிற கணவரை, ஞாயிறு ஆராதனைக்கு வராமல் நின்றுவிட்ட சகோதரியை நாம் வேறொருவருக்காக மாற்றிக்கொள்ள இயலாது. அவர்களுக்காகக் கொத்தவும் எருப்போடவும் வேண்டியதே நம்முடைய பங்கு. பிறரைப் பாதுகாக்கும்பொருட்டுப் பிரிந்தேயாக வேண்டிய நிலைமையும் சில வீடுகளில் உண்டு. அப்போதும், பவுலைப் போல, பிற்பாடு ஒருநாள் அந்தப் பெயரை அன்போடு எழுதும் இடத்தை உங்கள் இருதயத்தில் விட்டுவையுங்கள்.

இந்த வாரத்தில் உங்கள் கணக்கேட்டை மூடுமுன், நீங்கள் அடித்துவிட எண்ணியிருக்கும் ஒரு பெயரை ஆண்டவருடைய சமுகத்தில் வைத்து, அந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள்.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, நாங்கள் கனியற்றிருந்த வருடங்களிலும் எங்களை வெட்டிப்போடாமல் வைத்திருந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். பிறரைக் குறித்து முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு ஞானத்தையும், தள்ளப்பட்டவர்களுக்கு ஒரு பர்னபாவையும் தாரும். கடலில் இருப்பவர்களின் பயத்தை நீக்கி, அவர்களைச் சுகமாய்க் கரைசேரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.