மறுபதிப்பு வேண்டுமா?

ஒரு நூல் வெளிவந்து ஏழாண்டுகள் ஆனபின், அதனையே மீண்டும் அச்சேற்றி, 'திருத்திய பதிப்பு' என்று முகப்பில் பொறித்து விலைக்கு வைத்தால், முதற்பதிப்பைக் கையில் வைத்திருப்பவர் என்ன செய்வது? கிதாபுகளோடு காலத்தைக் கழித்துவிட்ட நமக்கு இக்கேள்வி புதிதன்று. ஒரே மத்னுக்கு மூன்று பதிப்புகள் நம் அலமாரியில் இருக்கின்றன. மூன்றையும் வாங்கியதற்கு நம்மிடம் காரணங்கள் உண்டு. அவற்றை வீட்டார் ஏற்றுக்கொண்டதாக நினைவில்லை. ஆயினும் 2018ஆம் ஆண்டில் இதே கேள்வியை நம் இளைய மகன் நம்முன் கொண்டுவந்து வைத்தபோது, அது கிதாபைப் பற்றியதாக இருக்கவில்லை. கணிப்பொறியில் ஆடும் ஒரு விளையாட்டைப் பற்றியதாக இருந்தது.

"வாப்பா, அதே விளையாட்டுதான், மெருகேத்தி வந்திருக்கு. பழசு நம்மகிட்ட இருக்கறதால பாதி விலைக்குத் தர்றாங்க."

"அதே விளையாட்டுன்னா பாதி விலையும் எதுக்கு? முழுசும் மிச்சந்தானே?"

இப்படிக் கேட்டுவிட்டு, வழக்கை முடித்துவிட்ட காஜியாரைப் போல நாம் தேர்வுத்தாள் திருத்தப் போய்விட்டோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொல்லாமல் விட்டது என்னவென்று நமக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

அவ்விளையாட்டின் பெயர் டார்க் சோல்ஸ். தோக்கியோ நகரின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் ஆக்கியது. ஹிதேதாக்கா மியாசாக்கி என்பார் இயக்கியது. 2011 செப்டம்பரில் ஜப்பானிலும், அடுத்த மாதம் மேலைநாடுகளிலும் வெளிவந்தது. ஆடுகின்றவர் வாளும் கேடயமும் ஏந்தி, அழிந்துபட்ட ஓர் அரசின் கோட்டைகளிலும் சதுப்புகளிலும் கல்லறைகளிலும் தனித்துத் திரிய வேண்டும். வழி காட்டும் படம் கிடையாது. எதிர்ப்படும் பகைவரில் மிக எளியவனும் இரண்டு மூன்று வீச்சில் நம்மைச் சாய்த்துவிடுவான். வாள் ஒன்று செருகிய சிறு நெருப்புகள் ஆங்காங்கே உண்டு. அவற்றினருகே அமர்ந்தால் காயம் ஆறும். ஆனால் நாம் அமர்ந்த அந்நொடியிலேயே, வெட்டி வீழ்த்திய பகைவர் ஏறத்தாழ அனைவரும் பழையபடி எழுந்து நிற்பர். இறந்துபோனால், அதுவரை ஈட்டிய செல்வம் இறந்த இடத்திலேயே கிடக்கும். மறுபடி அங்கே சென்று எடுக்க ஒரே ஒரு வாய்ப்பு. வழியில் இன்னொரு முறை இறந்தால் அத்தனையும் போயிற்று. அச்செல்வத்துக்கு 'ஆன்மா' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். பெயர் நமக்கு உவப்பாக இல்லை. நாணயம் என்றே கொண்டோம்.

இதில் இன்பம் எங்கே இருக்கிறது என்று நாம் கேட்டதுண்டு. பின்னர் நம் மத்ரஸா நாட்கள் நினைவுக்கு வந்தன. பத்து வரி ஸபக்கில் ஒன்பதாம் வரியில் இஃராபு பிழைத்தால், உஸ்தாத் அவர்கள் ஒன்றும் சினந்துகொள்ள மாட்டார்கள். விரலால் முதல் வரியைத் தொட்டுக் காட்டுவார்கள், அவ்வளவுதான். ஒன்பதாம் வரியைத் திருத்திக்கொண்டு மேலே போகலாமே, எட்டு வரிகள் சரியாகத்தானே ஓதினோம் என்று உள்ளம் கொதிக்கும். ஆயினும் ஐந்தாம் முறை ஓதி வருகையில், முன்பு பிழைத்த இடம் வருவதற்கு முன்பே நாவு அதனை அறிந்து தன்னைத் திருத்திக்கொள்ளும். நம் இளைய மகனின் விரல்கள் அப்படித் திருத்திக்கொள்வதை அவன் தோளுக்குப் பின்னால் நின்று நாம் பார்த்திருக்கிறோம்.

மியாசாக்கியைப் பற்றி ஒரு செய்தி அறிந்தபின் அவர்மேல் நமக்கு ஒரு பரிவு உண்டாயிற்று. வறிய குடும்பத்தில் பிறந்தவராம். விலைக்கு நூல் வாங்க வழியின்றி நூலகத்தில் இரவல் பெற்றுப் படித்த சிறுவன். அவற்றுள் சில அவனுக்கு முழுதும் விளங்காத ஆங்கில நூல்கள். விளங்கிய வரிகளைக் கொண்டும், நூலிலிருந்த படங்களைக் கொண்டும், விளங்காத பகுதியைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொள்வானாம். வளர்ந்தபின் அவ்வாறே கதை சொன்னார். இவ்விளையாட்டில் கதையை எவரும் நேரே சொல்வதில்லை. கண்டெடுத்த ஒரு மோதிரத்தின் குறிப்பில் அரை வரி, துருவேறிய கவசத்தின் குறிப்பில் ஒரு வரி. கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு. பொருள் தெரியுமுன்னே பக்கம் பக்கமாய் அரபு ஓதிய நமக்கு அச்சிறுவனை நன்றாகத் தெரியும் போலிருந்தது.

முதற்பதிப்பில் குறைகள் இருந்தன. நஞ்சுச் சதுப்பின்மீது மரச்சாரங்களாய்த் தொங்கும் பிளைட்டவுன் என்னும் பகுதியில், அன்றைய பெட்டிகள் படத்தை வரைய முடியாமல் திணறின. கணிப்பொறிக்கு வேண்டுமென்று ரசிகர்கள் கையெழுத்துத் திரட்டிக் கேட்டபின், 2012 ஆகஸ்டில் 'ப்ரிப்பேர் டு டை' என்னும் பெயரோடு, அதாவது 'சாகத் துணிந்து வா' என்று அழைப்பதுபோல, ஒரு பதிப்பு வந்தது. நம் வீட்டில் இருந்தது அதுவே. அது வினாடிக்கு 30 படங்களுக்கு மேல் காட்டாது. எவ்வளவு பெரிய திரையாயினும் உள்ளே 1024க்கு 720 புள்ளிகளில்தான் வரையும். ஒரு ரசிகர் சில மணி நேரத்துக்குள் தாமே ஒரு திருத்தம் எழுதிப் படத்தைத் தெளிவாக்கினார். பிறகு வேகத்தையும் 60 ஆக்கினார். ஆனால் ஆட்டத்தின் கணக்குகள் சில அந்த 30ஐயே அடிப்படையாகக் கொண்டிருந்தமையால், ஏணியில் சறுக்கி இறங்குகிறவன் தரையைத் துளைத்துக்கொண்டு பாதாளத்தில் விழுவதும் நேர்ந்தது. மத்னில் கைவைக்கிறவர் வேறோர் இடத்தில் பிழை முளைப்பதைக் காண்பது நம் துறையிலும் உள்ளதுதான்.

2018 மே மாதம் 25ஆம் நாள் வந்த மறுபதிப்பை, போலந்து நாட்டு வார்சாவிலுள்ள கியூலாக் நிறுவனம் செப்பஞ்செய்தது. நிண்டெண்டோ ஸ்விட்ச் பெட்டிக்குரியதை விர்சுவோஸ் என்னும் வேறு நிறுவனத்தார் ஆக்க, அது அவ்வாண்டு அக்டோபரில் வந்தது. ஸ்விட்ச் பதிப்பு 30 படங்களோடு நின்றுவிட்டது. ஏனையவற்றில் 60. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள இடைவெளி வினாடியின் ஆயிரத்தில் 33 பங்காக இருந்தது, 17 பங்காயிற்று. இதென்ன பெரிது என்று நாம் எண்ணினோம். பகைவனின் வாள் இறங்கும்போது உருண்டு தப்புகிறவனுக்கு அதுவே பெரிது என்று இளையவன் சொன்னான். பிளைட்டவுனில் திணறல் தீர்ந்தது. பாழ்ங்கல்லறைப் பகுதியில் ஒரு கொல்லனின் அருகே புதிதாக ஒரு நெருப்பு வைத்தார்கள். ஒன்றுகூடி ஆடுவோர் தொகை நான்கிலிருந்து ஆறாயிற்று.

இவை தவிர நூலின் உடலில் அவர்கள் கைவைக்கவில்லை. இஸலித் என்னும் பிற்பகுதி அவசரத்தில் ஆக்கப்பட்டதென்று ஆடுவோர் பலரும் குறைசொல்வர். அங்கேயுள்ள பெரும்பகை, திறமையால் வெல்வதாக இல்லாமல் குதித்துப் பிழைத்தால் வெல்வதாக இருக்கிறது. அக்குறை மறுபதிப்பிலும் அப்படியே. இதைச் சோம்பல் என்று வைதவர் உண்டு. நாம் வைய மாட்டோம். தஸ்ஹீஹ் செய்பவர் எழுத்தரின் பிழையைக் களையலாம். ஆசிரியரின் தளர்ந்த அத்தியாயத்தைத் தாம் எழுதி மாற்றலாகாது. ஆனால் ஒளியமைப்பில் செய்த மாற்றங்களால் சில இடங்களின் பழைய மங்கல் அழகு குன்றிற்று என்பதை, இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த நம் கண்ணும் ஒப்புக்கொண்டது.

இன்னொன்றை நாம் ஒப்பவில்லை. மறுபதிப்பு வருவதற்குச் சில நாட்கள் முன்பாகவே, கணிப்பொறிக்கான பழைய பதிப்பைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வாங்கி வைத்திருந்தோரிடம் அது இருக்கும். புதிதாக வாங்க வழியில்லை. திருத்திய பதிப்பு எவ்வளவு நேர்த்தியாயினும் முதற்பதிப்பைக் கண்ணால் காணும் உரிமை படிப்பவனுக்கு வேண்டும். இல்லாவிடில் திருத்தியவர் எங்கே திருத்தினார், எங்கே கெடுத்தார் என்பதை எப்படி அறிவது? 2020 நவம்பரில் இவ்வாசிரியரின் முந்தைய ஆக்கமான டீமன்ஸ் சோல்ஸை வேறொரு நிறுவனம் அடியோடு புதிதாக வரைந்து, இசையையும் புதிதாக இசைத்து வெளியிட்டபோது, 2009ஆம் ஆண்டின் மூலத்துக்கு இணையத் தொடர்பு ஏற்கெனவே 2018 பிப்ரவரியில் நின்றுபோயிருந்தது. மத்ன் மறைந்து ஷர்ஹு மட்டும் கைக்குக் கிடைத்த கதை அது.

இத்தனை ஆராய்ச்சியும் நாம் பின்னால் செய்தது. முதலில் நாம் மறுத்துவிட்டோம் என்பதையே சொல்லிக்கொண்டிருந்தோம்.

நம் மூத்த மகன் 2017இல் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போனான். போவதற்கு முன் நமக்கும் அவனுக்கும் நேர்ந்த பேச்சை இங்கே விரிக்க வேண்டியதில்லை. நம் வழியில் அவன் ஓதிப் பட்டம் பெற வேண்டுமென்று நாம் விரும்பினோம், அவன் விரும்பவில்லை. வாசலில் ஸலாம் சொன்னான். நாம் பதில் சொன்னோம். அதன்பின் ஓராண்டுக்கும் மேலாக அவன் தொலைபேசினால் உம்மாவோடு பேசுவான், தம்பியோடு பேசுவான். நம்மைக் கேட்டதாக அவர்கள் சொல்வார்கள். நாமும் கேட்டதாகச் சொல்லச் சொல்வோம்.

அண்ணன் தம்பி இருவரும் அந்தப் பழைய பதிப்பில் ஒன்றுகூடி ஆட முயன்றார்கள். இவ்விளையாட்டில் ஒருவர் மற்றவரைத் துணைக்கு அழைக்கலாம். துணை வர விரும்புகிறவர் தரையில் ஒளிரும் குறியொன்று எழுதி வைப்பார். வேண்டியவர் அதைத் தொட்டு அழைப்பார். இதன் பிறப்பைப் பற்றி மியாசாக்கி ஒரு பேட்டியில் கூறியிருக்கிறார். பனி பெய்த ஒரு மலைச்சாலையில் வண்டிகள் ஏற முடியாமல் நின்றனவாம். பின்வண்டி முன்வண்டியை முட்டித் தள்ள, அப்படியே ஒன்றையொன்று தள்ளி மேடேறின. நின்று நன்றி சொன்னால் மறுபடி சறுக்கிவிடுமென்று எவரும் நிற்கவில்லை. கடைசியாய்த் தள்ளியவர் வீடு போய்ச் சேர்ந்தாரோ என்று அவர் எண்ணிக்கொண்டே போனாராம். ஆகவே முன்பின் அறியாதவர்கள் வந்து உதவிவிட்டு மறைவதே அவர் விரும்பிய ஏற்பாடு. அறிந்த இருவர் சந்திப்பதற்கு அதில் வழி வைக்கவில்லை. ஷார்ஜாவிலிருந்து காக்கா எழுதிய குறி இங்கே தென்படாது. தென்பட்டாலும் அதற்குள் வேறு எவரோ ஓர் அயலார் அழைத்துக்கொண்டு போயிருப்பார். அரைமணி, முக்கால்மணி என்று வெறுந்தரையைப் பார்த்துக்கொண்டு இளையவன் உட்கார்ந்திருந்ததை நாம் பார்த்திருக்கிறோம். விளையாட்டின் ஒரு பகுதி போலும் என்று எண்ணிக்கொண்டோம்!

மறுபதிப்பில் இருவரும் ஒரே கடவுச்சொல்லை இட்டுக்கொண்டால் ஒருவர் குறியை மற்றவர் காணலாம். அவன் நம்மிடம் சொல்லாமல் விட்டது இதைத்தான். உம்மாதான் ஒருநாள் இரவு சோற்றைப் பரிமாறிக்கொண்டே சொன்னார்: "அவன் காக்காவோட சேந்து ஆடத்தான் கேட்டான். நீங்க முழுசும் மிச்சம்னுட்டீங்க."

மறுநாள் பணம் கொடுத்தோம். எதற்கென்று கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

கடவுச்சொல் 'கஞ்சி'. ரமலானில் பள்ளிவாசலிலிருந்து தூக்குச்சட்டியில் நோன்புக்கஞ்சி வாங்கி வருவது எவர் முறை என்று இருவரும் சண்டையிட்டுக்கொண்ட நாட்களின் நினைவாக வைத்தார்களாம். அனோர் லோண்டோ என்னும் பொன்னகரத்தின் பெருமண்டபத்தில் இரண்டு காவலர்கள் நிற்கிறார்கள். ஈட்டியேந்திய மெலிந்தவன் ஒருவன், சம்மட்டியேந்திய பருத்தவன் ஒருவன். ஒருவனை வீழ்த்தினால் மற்றவன் அவன் ஆற்றலையும் வாங்கிக்கொண்டு இரட்டிப்பாய் எழுவான். தனியாய் ஆடியபோது இளையவன் அங்கே பல வாரங்கள் தோற்றிருக்கிறான். அன்றிரவு தரையில் குறி ஒளிர்ந்தது, தொட்டான், வெண்ணொளியில் ஓர் உருவம் எழுந்தது. "காக்கா வந்தாச்சு" என்றான். பேச்சு அதில் இல்லை, சைகைகள் மட்டுமே. கைத்தொலைபேசியில் தம்பி ஏதோ தட்டினான். உடனே திரையிலிருந்த அவ்வுருவம் நம் பக்கம் திரும்பி நின்று, இடுப்பை வளைத்துத் தாழ்ந்தது.

"என்ன எழுதினே?"

"வாப்பா பின்னால நிக்கறாங்கன்னு எழுதினேன்."

நாம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தோம். அதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. மூன்றாம் முயற்சியில் வென்றார்கள். வென்ற மறுகணமே துணைக்கு வந்தவர் தம் உலகுக்குத் திரும்பிவிட வேண்டுமென்பது விதியாம். உருவம் ஒளியாய்க் கரைந்துபோயிற்று. இளையவன் களித்துக் கூவினான். கரைந்த இடத்தையே நாம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

2022 ஜனவரியில், அயலார் கணிப்பொறிக்குள் புகுந்துவிடக்கூடிய ஓர் ஓட்டை கண்டறியப்பட்டு, கணிப்பொறிப் பதிப்புகளின் இணையத் தொடர்பு நிறுத்தப்பட்டது. மறுபதிப்புக்கு அவ்வாண்டு நவம்பரில் அது திரும்ப வந்தது. பழைய பதிப்புக்கு வரவேயில்லை. இடைப்பட்ட மாதங்களில் மூத்தவன் விடுமுறை இரவுகளில் நமக்கே தொலைபேசினான். முதலில் வானிலையைப் பற்றிப் பேசினோம்.

2023இல் விடுப்பில் வந்தபோது அவன் பெட்டியில் ஒரு மடிக்கணினியும் இருந்தது. அண்ணனும் தம்பியும் ஒரே அறையில் முதுகோடு முதுகாக அமர்ந்து, அதே கடவுச்சொல்லை இட்டு, ஷார்ஜாவிலிருந்து வருவதுபோலவே குறி எழுதி அழைத்துக்கொண்டார்கள். உம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அன்று நம்மையும் ஆடச் சொன்னார்கள். சிறையறையிலிருந்து வெளியேறி ஒரு கூடத்தை அடைந்தோம். கையில் முறிந்த வாளின் பிடி மட்டும். மேலிருந்து யானைபோன்ற ஒரு பூதம் குதித்தது. ஆசிரியர் எவராயினும் மாணவனால் முடியாத பாடத்தை முதலிலேயே வைக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் நின்று போரிட்டோம். ஒரே அடியில் முடிந்தது. மறுபடியும் போரிட்டோம், மறுபடியும் முடிந்தது. ஐந்தாம் முறை மூத்தவன் குனிந்து, நம் தோளில் கைவைத்து, "வெட்டாதீங்க வாப்பா, ஓடுங்க. இடப்பக்கம் ஒரு கதவு திறந்து கிடக்கு" என்றான்.